ஸ்குவிரல் நட் ஜிப்பர்ஸ்: ஸ்விங் அலை இக்குழுவைத் தூக்கிவிட்டதா, கவிழ்த்துவிட்டதா?

கேள்வி: மாட்டுங்கா ரசிகர்

மும்பை மாட்டுங்காவில் நாங்கள் சிலர் மாதந்தோறும் ஒரு நண்பர் வீட்டில் கூடுவோம். ஒருவர் பொறுப்பேற்று ஒரு கலைஞரையோ குழுவையோ அறிமுகப்படுத்தி, இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டுவார். பெரும்பாலும் கர்நாடக இசையும் பழைய திரையிசையுமே இடம்பெறும். அடுத்த கூட்டம் என் பொறுப்பில் வருவதால், அமெரிக்காவில் 1990களில் பழைய ஜாஸ் இசைக்கு மறுவாழ்வு கொடுத்த குழுக்களுள் ஒன்றான ஸ்குவிரல் நட் ஜிப்பர்ஸைப் பற்றிப் பேசலாம் என்று எண்ணியிருக்கிறேன்.

1993இல் வட கரோலினாவின் சாப்பல் ஹில்லில் தொடங்கி, 1996இல் வெளியான 'ஹாட்' ஆல்பத்தின் மூலம் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்று, 2000ஆம் ஆண்டுக்குப் பின் ஏறக்குறைய காணாமல் போய், 2016இல் மீண்டும் எழுந்த குழு இது. ஸ்விங் என்ற பழைய பெருங்குழு நடன ஜாஸ் 1990களில் மீண்டும் மோகமாகப் பரவியதே, அந்த ஸ்விங் மறுமலர்ச்சியின் பிரதிநிதியாக இக்குழுவை அறிமுகப்படுத்துவது சரியா? அந்த மோகம் அடங்கியதால்தான் குழு சரிந்ததா, அல்லது உள்ளேயே வேறு காரணம் இருந்ததா? 2016க்குப் பிறகு அதே பெயரில் வாசிப்பவர்களையும் கணக்கில் சேர்க்கலாமா? விவரம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி: செம்பூர் இசைத்தட்டு

ஐயா, தங்கள் முதல் கேள்விக்கு என் பதில் 'சரியன்று' என்பதே. காலவரிசையைப் பார்த்தாலே இது விளங்கும். ஸ்விங் மோகம் அமெரிக்க வீடுகளின் வரவேற்பறை வரை வந்தது 1998இல்தான். கேப் என்ற ஆடை நிறுவனம், லூயி பிரிமாவின் பழைய பாடல் ஒன்றுக்கு இளைஞர்கள் காக்கிக் கால்சட்டையில் ஆடும் விளம்பரத்தை அந்த ஆண்டில்தான் தொலைக்காட்சியில் ஓட்டியது. பிரையன் செட்சர் ஆர்கெஸ்ட்ராவின் 'தி டர்ட்டி பூகி' வந்ததும் அதே ஆண்டுதான். ஜிப்பர்ஸின் 'ஹெல்' பாடலோ அதற்கு முந்தைய ஆண்டே வானொலிகளில் ஒலித்துக்கொண்டிருந்தது. அலை வருவதற்கு முன்பே கரையேறிவிட்டவர்களை அலைதான் கொண்டுவந்தது என்று சொல்வது முறையாகாது.

அதைவிட முக்கியமானது இசை. 1990களின் ஸ்விங் குழுக்களில் பல உண்மையில் எடுத்துக்கொண்டது 1940களின் ஜம்ப் புளூஸ் பாணியை. லூயி ஜோர்டன் போன்றவர்கள் ஐந்தாறு பேருடன் வாசித்த, துள்ளல் நடையும் முழங்கும் சாக்ஸபோனும் கொண்ட இசை அது. ராயல் கிரவுன் ரெவ்யூ, பிக் பேட் வூடூ டாடி ஆகிய இரு குழுக்களிலும் அந்தச் சாயல் தூக்கலாகத் தெரியும். ஜிப்பர்ஸ் அதற்கும் இருபது ஆண்டுகள் பின்னால் போய், 1920களின் ஹாட் ஜாஸைப் பிடித்துக்கொண்டது. பான்ஜோ என்ற நரம்புக்கருவி தாளத்தைத் தாங்கி நிற்க, டிரம்பெட்டும் கிளாரினெட்டும் டிராம்போனும் ஒரே நேரத்தில் அவரவர் கற்பனையில் பின்னிக்கொண்டு போகும் இசை அது. கச்சேரியில் பாடகரும் வயலின் கலைஞரும் மாறி மாறி ஸ்வரம் பாடாமல், இருவரும் ஒருங்கே மனோதர்மத்தில் இறங்கியும் ஒருவரையொருவர் இடிக்காமல் போனால் எப்படியிருக்குமோ, அப்படி. 1930களின் ஸ்விங் இசையில் இதற்கு இடம் குறைவு. அங்கே பிரிவு பிரிவாக எழுதிக் கொடுத்ததை வாசிப்பார்கள். தனி வாசிப்புக்கென்று சில இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், குழுவின் புகழ் முழுவதையும் சுமக்கும் 'ஹெல்' பாடல் ஜாஸே அன்று. டாம் மேக்ஸ்வெல் எழுதிப் பாடிய அது டிரினிடாட் தீவின் கலிப்ஸோ பாணியில் அமைந்தது. நரகத்தைப் பற்றிய அச்சுறுத்தும் பிரசங்கத்தை, ஒரு சொல்லை எழுத்தெழுத்தாகச் சொல்லி ஆடவைக்கும் குறும்போடு பாடியிருப்பார். பெரிய விஷயத்தை இலேசான தாளத்தில் ஏற்றிக் கிண்டல் செய்வது கலிப்ஸோவின் பழைய வழக்கம். அதையும் ஸ்விங் என்று அட்டையில் எழுதி விற்றார்கள்!

தங்கள் கூட்டத்தில் 'ஹெல்' பாடலை முதலில் போடாதீர்கள். 'ஹாட்' ஆல்பத்தில் குழுவின் பாடகி கேத்தரின் வேலன் பாடிய 'புட் எ லிட் ஆன் இட்' பாடலில் தொடங்குங்கள். மூக்கில் சற்றே ஏறி, சோம்பலாக, தாளத்துக்கு ஒரு நூலிழை பின்தங்கி வரும் அந்தக் குரலைக் கேட்டுப் பலர் பழைய ஜாஸ் பாடகி பில்லி ஹாலிடேயை நினைத்துக்கொண்டார்கள். அது போலிக்குரல் என்ற குற்றச்சாட்டும் உண்டு. நான் அதை ஏற்கவில்லை. இந்த ஆல்பத்தை அவர்கள் பதிவு செய்தது நியூ ஆர்லியன்ஸில், இசைத் தயாரிப்பாளர் டேனியல் லன்வா ஒரு பழைய மாளிகையில் நடத்திவந்த கிங்ஸ்வே ஒலிப்பதிவுக்கூடத்தில். அதில் வயலின் வாசித்த ஆண்ட்ரூ பேர்ட் பிற்காலத்தில் தனிக் கலைஞராகப் பெயர் பெற்றார்.

மறுமொழி: கணக்குப்பிள்ளை, டோம்பிவலி

செம்பூர் நண்பரின் காலவரிசையில் ஒரு இடைவெளி இருக்கிறது. மோகம் 1998இல் உச்சத்துக்குப் போனது உண்மை. ஆனால் தொடங்கியது அப்போதல்ல. ராயல் கிரவுன் ரெவ்யூவும் பிக் பேட் வூடூ டாடியும் 1989இலேயே உருவாகிவிட்டன. 1994இல் வந்த 'தி மாஸ்க்' திரைப்படத்தில் முதற்குழு தோன்றியது. 1996 அக்டோபரில் வந்த 'ஸ்விங்கர்ஸ்' திரைப்படத்தில் இரண்டாம் குழு லாஸ் ஏஞ்சலிஸின் டெர்பி விடுதியில் வாசிப்பதைக் காணலாம். கிட்டார் முழக்கத்தை மட்டுமே ஒலிபரப்பிக்கொண்டிருந்த வானொலி நிலையங்கள், அடுத்த ஆண்டில் பான்ஜோவும் டிரம்பெட்டும் கொண்ட கலிப்ஸோ பாடலைத் திடீரென்று சுழற்சியில் சேர்த்ததற்கு இந்தச் சூழல் சிறிதும் காரணமில்லை என்று கூறுவது கடினம். ஆகவே அலை தூக்கிவிட்டது என்பதே என் கருத்து. தூக்கியவர்களிடம் தங்களுக்கு அந்தப் பெயர் பொருந்தாது என்று குழுவினர் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதில் அவர்கள் நேர்மையானவர்கள்தாம்.

சரிவைப் பற்றி: பெரிய குழுவை ஊர் ஊராக நடத்துவது எப்போதுமே நட்டக் கணக்கின் விளிம்பில் நடப்பதுதான். அசல் ஸ்விங் காலமே அப்படித்தான் முடிந்தது. 1942 முதல் 1944 வரை அமெரிக்க இசைக் கலைஞர் சங்கம் ஒலிப்பதிவுகளைப் புறக்கணித்தது. 1944இல் நடன அரங்குகளுக்கு முதலில் 30 சதவிகிதமும் பின்னர் 20 சதவிகிதமுமாகக் கேளிக்கை வரி விழுந்தது. ஆடவும் பாடவும் இடம் கொடுக்காமல் வெறும் வாத்திய இசை வைத்த விடுதிகளுக்கு அந்த வரி இல்லை. நடனக் குழுக்கள் சுருங்கியதற்கும், உட்கார்ந்து கேட்கும் சிறு குழுக்களின் ஜாஸ் வளர்ந்ததற்கும் இது ஒரு காரணம். ஸ்விங் காலத்துப் பெரும் குழுத் தலைவர் கவுண்ட் பேசி போன்ற மேதையே 1950 வாக்கில் பெரிய குழுவைக் கலைத்துவிட்டுச் சிறு குழுவோடு காலம் தள்ள நேர்ந்தது. 1990களில் வரி இல்லை. ஆனால் பேருந்து, விடுதி அறை, ஆளுக்கொரு பங்கு என்ற கணக்கு மாறவில்லை. 1999 ஜனவரியில் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் இடைவேளையில் பிக் பேட் வூடூ டாடி வாசித்தது. அதற்குப் பிறகு இரண்டே ஆண்டுகளில் பெரிய நிறுவனங்கள் ஸ்விங் குழுக்களைத் தேடுவதை விட்டுவிட்டன.

ஜிப்பர்ஸின் சரிவுக்குச் சந்தையை மட்டும் குறை சொல்வதற்கில்லை. தொடக்க காலத்து டிரம்பெட் கலைஞர் ஸ்டேசி கெஸ் 1998இல் காலமானார். அதே ஆண்டு 'பெரெனியல் ஃபேவரிட்ஸ்', 'கிறிஸ்துமஸ் கேரவன்' என்று இரண்டு ஆல்பங்கள் அடுத்தடுத்து வந்தன, அவசரம் தெரிகிறது. பிறகு மேக்ஸ்வெல்லும் மற்றொரு உறுப்பினரான கென் மோஷரும் விலகினார்கள். பெரும் வெற்றிப் பாடலை எழுதியவரே போன பின், 2000இல் வந்த 'பெட்லம் பால்ரூம்' வாங்க ஆளில்லாமல் நின்றது. குழுவைத் தொடங்கிய ஜிம்போ மேத்தஸும் வேலனும் கணவன் மனைவியாக இருந்து பின்னாளில் பிரிந்தவர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி: சயான் பழையவர்

தம்பி, ஒரு சிறு யோசனை. தங்கள் கூட்டத்தார் திரையிசை கேட்பவர்கள் என்றால், இந்த இசை அவர்களுக்கு அந்நியம் என்ற எண்ணத்தோடு தொடங்க வேண்டாம். 1935இல் லியோன் அபேயின் அமெரிக்கக் கறுப்பின ஜாஸ் குழு நம் ஊர் தாஜ்மகால் ஓட்டலில் வாசித்திருக்கிறது. பின்னர் பியானோ கலைஞர் டெடி வெதர்ஃபோர்டும் இங்கே பணியாற்றினார். அவர்களைக் கேட்டுப் பழகிய கோவாக் கலைஞர்களில் டிரம்பெட் வாசித்த சிக் சாக்லெட், இந்தித் திரை இசையமைப்பாளர் சி. ராமச்சந்திராவுடன் சேர்ந்து 1951இன் 'அல்பேலா' படத்தில் வாசித்தவர். அந்தப் படத்தின் துள்ளல் பாட்டு ஒன்றை முதலில் போட்டுவிட்டு, அதன் பின் 'ஹாட்' ஆல்பத்துக்குப் போனால் ஒருவரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இங்கேயும் மதுவிலக்கு வந்ததும் ஓட்டல் குழுக்கள் தேய்ந்து, கலைஞர்கள் திரைப்பட ஒலிப்பதிவுக்கூடங்களுக்குப் போனார்கள். சாப்பாடு கிடைத்தது, அட்டையில் பெயர் கிடைக்கவில்லை.

மாட்டுங்கா ரசிகர்

மூவருக்கும் நன்றி. சயான் ஐயாவின் யோசனையை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். மூன்றாவது கேள்வி மட்டும் நிற்கிறது. வேலனும் மேக்ஸ்வெல்லும் இல்லாத குழுவை அதே குழு என்று சொல்லலாமா?

மறுமொழி: கணக்குப்பிள்ளை, டோம்பிவலி

சொல்லக்கூடாது. 2007இல் பழையவர்கள் பலர் மீண்டும் சேர்ந்து வாசித்ததும், 2009இல் 'லாஸ்ட் அட் சீ' என்ற நேரடிப் பதிவு வந்ததும் சரி. 2016இல் நடந்தது 'ஹாட்' ஆல்பத்தின் இருபதாம் ஆண்டை ஒட்டி ஒரு பெயரை மறுபடி சந்தைக்குக் கொண்டுவந்த காரியம்.

மறுமொழி: செம்பூர் இசைத்தட்டு

இதில் நான் மாறுபடுகிறேன். மேத்தஸ் மிசிசிப்பிக்காரர். புளூஸ் முன்னோடி சார்லி பேட்டனின் மகள் ரோசெட்டா, அவரைச் சிறுவயதில் வளர்த்த செவிலி. அந்த அம்மையாரின் மருத்துவச் செலவுக்கு உதவுவதற்காகவே 1997இல், 'ஹெல்' ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே, அவர் தனியாக ஒரு ஆல்பம் செய்தார். குழு சரிந்த பின் புளூஸ் கிட்டார் கலைஞர் பட்டி கை (Buddy Guy) என்பவரின் 2001ஆம் ஆண்டு ஆல்பமான 'ஸ்வீட் டீ'யில் கிட்டார் வாசித்தார். அமெரிக்காவின் தென் மாநிலங்களின் பழைய இசையை விட்டு இம்மனிதர் ஒருநாளும் விலகியதில்லை; பெயர் மட்டுமே இடையில் உறங்கிக்கிடந்தது. நியூ ஆர்லியன்ஸ் கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு 2018இல் அவர் வெளியிட்ட 'பீஸ்ட்ஸ் ஆஃப் பர்கண்டி'யில், 1990களில் இல்லாத ஒரு முரட்டுத்தனமும் நாடகத்தன்மையும் இருக்கின்றன. வேலனின் குரல் இல்லாதது பெரிய குறைதான், அதை மறுக்கவில்லை. ஆயினும் பழைய வெற்றிப் பாடல்களை மட்டும் திரும்ப வாசித்து ஊர் சுற்றியிருந்தால்தான் கணக்குப்பிள்ளை சொல்வதை ஏற்பேன். புதிய பாடல்களோடு இரண்டு ஆல்பங்கள் செய்திருக்கிறார்கள்; இரண்டாவது 2020இல் வந்தது.

மாட்டுங்கா நண்பரே, கடைசிப் பத்து நிமிடங்களை 2018 ஆல்பத்துக்கு ஒதுக்குங்கள். முன்பின் சொல்லாமல் போட்டுவிட்டு, இதே குழுதானா என்று கூட்டத்தாரிடமே கேளுங்கள்; அவர்கள் சொன்னதை இங்கே வந்து எழுதுங்கள். கணக்குப்பிள்ளையும் டோம்பிவலியிலிருந்து வண்டி பிடித்து வரலாம்.