வடசேரி கணினிக் கூட்டங்களின் படங்களில் பூஞ்சை பிடித்திருக்கிறது: காப்பாற்ற வழி சொல்லுங்கள்

கேட்பவர், நாகர்கோவில்

வணக்கம். தொண்ணூறுகளில் வடசேரியில் ஒரு நண்பரின் ஓட்டு வீட்டில், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஏழெட்டுப் பேர் கூடி, அன்றைக்கே பழையதாகிவிட்டிருந்த கணினிகளைப் பழுதுபார்த்து இயக்கிவந்தோம். டிவியைத் திரையாகக் கொள்ளும் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் என்ற வீட்டுக் கணினி ஒன்றும், பிபிசி மைக்ரோ ஒன்றும் எங்களிடம் இருந்தன. 1984-இல் தொடங்கிய கிளாஸ் என்ற பள்ளிக் கணினிக் கல்வித் திட்டத்தின்கீழ் பிபிசி மைக்ரோக்கள் இந்தியப் பள்ளிகளுக்கு வந்ததை இங்கே பலரும் அறிவீர்கள். எங்களுடையதும் அப்படி வந்து ஒதுக்கப்பட்டதுதான்.

கூட்டத்தை நடத்திய நண்பர் சென்ற ஆண்டு காலமானார். அவருடைய மகள் என்னை அழைத்து, "மாமா, அப்பாவின் டிரங்குப் பெட்டியை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், படங்களில் இருப்பவர்கள் யாரென்றே எங்களுக்குத் தெரியவில்லை" என்று ஒப்படைத்தார். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் ஓடுகளைப் பெயர்த்தபோது மச்சிலிருந்த அந்தப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அதன் பிறகு எத்தனையோ இடவப்பாதி மழையும் ஐப்பசி மழையும் போய்விட்டன. பெட்டியை யாரும் திறக்கவில்லை.

உள்ளே, ஒட்டும் பக்கங்கள் கொண்ட ஆல்பம் ஒன்றில் ஏறத்தாழ அறுபது வண்ணப் படங்கள், உறையிலிட்ட நெகட்டிவ் துண்டுகள், அந்தக் கணினிகளின் நிரல்களை ஒலியாகப் பதிந்துவைத்த மூன்று ஆடியோ கேசட்டுகள், ஒன்பது பிளாப்பிகள் ஆகியவை இருக்கின்றன. வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த நண்பர் ஒருவர் கொண்டுவந்த, பிளாப்பியிலேயே படத்தைப் பதியும் சோனி மாவிகா கேமராவில் எடுத்த படங்கள்தான் அந்தப் பிளாப்பிகளில் உள்ளன. வண்ணப் படங்களின்மேல் சிலந்தி நூல் போல் வெள்ளைப் பூஞ்சை கிளைத்திருக்கிறது. இரண்டு படங்கள் முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்டுவிட்டன. தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தெடுக்கலாம் என்று நினைக்கிறேன். சரியா?

மறுமொழி, தக்கலை

ஐயா, தயவுசெய்து தண்ணீரில் போடாதீர்கள். நான் இருபது ஆண்டுகள் ஸ்டுடியோவில் பிரிண்ட் போட்டவன். படத்தின் உருவம் ஜெலட்டின் படலத்தில் இருக்கிறது. பூஞ்சைக்கு உணவும் அதுவே. பூஞ்சை தின்ற இடத்தில் ஜெலட்டின் தண்ணீரில் கரையும் நிலைக்கு வந்துவிடுவதால், நல்ல படத்துக்குத் தீங்கு செய்யாத அதே தண்ணீர், உங்கள் படத்தில் முகத்தையே வழித்துக்கொண்டு போய்விடும்.

முதலில் உலர்த்துங்கள். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு சில நாட்கள் வைத்தால் பூஞ்சை காய்ந்து பொடியாகும். பிறகு முகக்கவசம் அணிந்து, வீட்டுக்கு வெளியே, மிக மென்மையான தூரிகையால் தட்டிவிடுங்கள். ஆல்பத்திலிருந்து படத்தைப் பிடித்து இழுக்காமல், டென்டல் ஃப்ளாஸ் நூலைப் படத்துக்கும் பக்கத்துக்கும் நடுவே அறுப்பதுபோல் மெதுவாக நகர்த்துங்கள். வரவில்லையென்றால் விட்டுவிட்டு, பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்யுங்கள்.

உண்மையில் உங்களிடமிருக்கும் செல்வம் நெகட்டிவ்தான். ஒட்டிக்கொண்ட அந்த இரண்டு படங்களுக்கும் நெகட்டிவ் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் அவற்றைப் பிரிக்கவே தேவையில்லை. நெகட்டிவையும் தண்ணீரில் கழுவாமல், 98 சதவீதத்துக்கு மேல் தூய்மையான ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, படமில்லாத ஓரத்தில் சோதித்த பிறகு துடைக்கலாம். 24×36 மி.மீ. சட்டத்தை 2400 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 2400 புள்ளிகள்) ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 3400×2270 புள்ளிகள் கிடைக்கும். மூலப் பிரதியைத் தரம் குறையாத டிஃப் கோப்பு வடிவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மறுமொழி, மார்த்தாண்டம்

பிளாப்பிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அண்ணாச்சி. எதையும் உடனே டிரைவில் செருகாதீர்கள். உலோக மூடியை விரலால் நகர்த்தி, நடுவிலுள்ள வட்டைச் சுழற்றி, உள்ளே இருக்கும் பழுப்புத் தகட்டை வெளிச்சத்தில் முழுச் சுற்றும் பாருங்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் அது டிரைவின் தலையில் ஒட்டிக்கொண்டு, அந்தத் தகட்டையும் அடுத்துச் செருகும் தகட்டையும் கீறிவிடும்.

சுத்தமாக இருப்பவற்றில், மூலையிலுள்ள சிறு துளை திறந்திருக்கும்படி தாழை நகர்த்தினால் எழுதுவது தடுக்கப்படும். "ஃபார்மட் செய்யட்டுமா" என்று கணினி கேட்டால் வேண்டாம் என்றே சொல்லுங்கள். கோப்புகளைத் தனித்தனியாகத் திறந்து பார்க்காமல், டிடிரெஸ்க்யூ என்ற நகலெடுக்கும் மென்பொருள் கொண்டு முழு வட்டையும் ஒரே பிரதியாக எடுத்துவிட்டு, அந்தப் பிரதியின்மேல் படங்களை மீட்கும் ஃபோட்டோரெக் மென்பொருளை ஓட்டுங்கள். தொடக்ககால மாவிகாவின் படங்கள் 640×480 அளவேயான ஜேபெக் கோப்புகள், ஒவ்வொன்றோடும் .411 என்று முடியும் சிறு கோப்பும் இருக்கும். அதில் 64×48 அளவில் அதே படத்தின் சிற்றுரு உண்டு. பெரிய படம் அழிந்திருந்தாலும், என்ன படம் என்று இதிலிருந்து அறியலாம் என்பதால் இவற்றை வீசிவிடாதீர்கள்.

மறுமொழி, குளச்சல்

மற்றவர்கள் சொல்லாத ஒன்றைச் சேர்க்கிறேன். பழைய படங்களைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் கொடுத்துத் தெளிவாக்கும் வழக்கம் இப்போது பரவியிருக்கிறது. மூலப் பிரதியில் அதைச் செய்யவே கூடாது. கணினித் திரை இருக்கும் படத்திலோ நகலில்கூட நான் அதை ஏற்கமாட்டேன், ஏனென்றால் திரையில் மங்கலாக இருக்கும் நிரல் வரிகளுக்குப் பதில் அது தானாக எழுத்துகளைப் புனைந்துவிடும். திரையின் குறுக்கே கரும்பட்டை இருந்தால் அதையும் கறை என்று நீக்காதீர்கள். நம் டிவியில் மேலிருந்து கீழ்வரை ஒரு முறை வரைய 1/50 விநாடி ஆகும். ஷட்டர் 1/125 விநாடி மட்டும் திறந்திருந்தால் எஞ்சிய பகுதி இருட்டாகவே பதியும்.

இன்னொன்று, ஐயா: பூஞ்சையை உலர்த்திவிட்டால் அது காத்திருக்கும், பெயர் சொல்லக்கூடியவர்கள் காத்திருக்கமாட்டார்கள். சுத்தம் செய்வதற்கு முன்பே, ஆல்பத்தின் பக்கங்களைக் கைபேசியில் படமெடுத்து எஞ்சியிருக்கும் நண்பர்களுக்கு அனுப்பி, அவர்கள் பேசுவதைப் பதிவு செய்யுங்கள். படத்தின் பின்புறத்தையும் ஸ்கேன் செய்யுங்கள்.

கேட்பவர், நாகர்கோவில்

மூவருக்கும் என் நன்றி. பன்னிரண்டு நாட்களுக்குப் பிறகு எழுதுகிறேன். ஒட்டிய இரண்டு படங்களில் ஒன்றுக்கு நெகட்டிவ் கிடைத்துவிட்டது. ஒன்பது பிளாப்பிகளில் ஆறு சுத்தமாக இருந்தன. நான்கிலிருந்து படங்கள் முழுமையாக வந்தன.

குளச்சல் நண்பர் சொன்னபடி செய்ததில் எனக்கே மறந்துபோன ஒன்று திரும்பக் கிடைத்தது. ஒரு படத்தில் நாங்கள் நால்வர் பாயில் அமர்ந்து, திறந்து கிடக்கும் ஒரு சிறு தகரப் பெட்டியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருக்கிறோம். எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. திருவிதாங்கோட்டிலிருக்கும் நண்பர் தொலைபேசியில் சொன்னார்: ஸ்பெக்ட்ரம் தன் படத்தை யுஎச்எஃப் அலைவரிசையின் 36-ஆம் சானலில் அனுப்பும், அந்த வீட்டுக் கறுப்பு வெள்ளை டிவியில் இருந்ததோ அதைவிடத் தாழ்ந்த விஎச்எஃப் அலைவரிசை மட்டும். அதனால் படத்தை டிவி சானலாக மாற்றும் மாடுலேட்டர் என்ற அந்தச் சிறு பெட்டியின் தகர மூடியைக் கழற்றி, வீடியோ சமிக்ஞையை நேரடியாக எடுக்கக் கம்பி பற்றவைத்த நாள் அது. பற்றுக்கோலைப் பிடித்திருக்கும் கை மட்டும் படத்தின் ஓரத்தில் தெரிகிறது. அது மறைந்த நண்பரின் கை. அவருடைய மகளிடம் இதைச் சொன்னபோது, அந்தப் படத்தின் பிரதி ஒன்றை முதலில் தனக்குத் தரும்படி கேட்டார்.

கேசட்டுகளை இன்னும் தொடவில்லை. நிரல்களை மட்டும் பிரித்தெடுத்தால் போதுமா?

மறுமொழி, மார்த்தாண்டம்

போதாது. நாடாவின் விளிம்பில் வெள்ளை படிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். படிந்திருந்தால் ஓட்டாமல் எனக்கு எழுதுங்கள். சுத்தமாக இருந்தால், இரண்டு பக்கத்தையும் தொடக்கம் முதல் முடிவு வரை இடைநிறுத்தாமல் 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பாகப் பதிவு செய்யுங்கள். நிரலின் கீச்சொலி தொடங்குவதற்கு முன், அதன் பெயரை யாராவது மைக்கில் சொல்லிவைத்திருப்பது அன்றைய வழக்கம்.