மறு: ஈ.எம்.டி.ஆர். சிகிச்சைக்குத் தமிழில் என்ன பெயர்? வெள்ளிக்குள் வேண்டும்

எல்லோருக்கும் வணக்கம்.

மனக்காயத்துக்கு ஈ.எம்.டி.ஆர். சிகிச்சை தருகிறவரை எப்படித் தேடுவது, முதல் சந்திப்பில் என்ன கேட்பது என்று நான்கு பக்கக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். உள்ளே எல்லாம் முடிந்துவிட்டது, தலைப்புதான் இடிக்கிறது. முழுப்பெயர் 'ஐ மூவ்மென்ட் டிசென்சிடைசேஷன் அண்டு ரீப்ராசசிங்'. பிரித்தால் மூன்று துண்டு: கண்ணின் அசைவு, உணர்ச்சியின் வேகத்தைக் குறைப்பது, நினைவைத் திரும்பப் பக்குவப்படுத்துவது. சுருக்கமாக 'கண் அசைவு சிகிச்சை' என்று போட்டு, தெரிந்த ஒரு அம்மாவிடம் படித்துப் பார்க்கக் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "போன மாசந்தானே கண்ணைக் காட்டினேன், புரை ஒண்ணும் இல்லைன்னுட்டாங்களே" என்றார். இரண்டாம் பக்கம் வரை மாறுகண் பற்றிய கையேடு என்றே நினைத்துப் படித்திருக்கிறார். காப்பாற்றுங்கள்.

– செ.

———

தங்கைக்கு,

அந்த அம்மா பாவம், ஆனால் அவர்மேல் தப்பில்லை. கண்ணசைவு என்றால் தமிழில் சாடை. 'அவர் கண்ணசைத்தால் போதும், காரியம் நடக்கும்' என்கிறோம். விழி இப்படியும் அப்படியும் ஓடுவதற்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: கண்ணோட்டம். குறளில் 58ஆம் அதிகாரம் முழுக்க அதுதான். கண் இன்னொருவர்மேல் ஓடுவதால் பிறக்கும் இரக்கம் என்று பொருள். கண்ணும் ஓடுகிறது, இரக்கமும் கிடைக்கிறது, இதைவிட ஒரு சிகிச்சைக்கு என்ன பெயர் வேண்டும்? 'கண்ணோட்ட மருத்துவம்' என்று போடுங்கள்.

– பு.

———

ஐயா, கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்றைக்குக் கண்ணோட்டம் என்றால் யாருக்கும் இரக்கம் நினைவுக்கு வராது, 'என் கண்ணோட்டத்தில்' என்று தொடங்கும் கட்டுரைதான் வரும். நான் ஒட்டுமொத்தமாகப் பெயர்த்துப் பார்த்தேன்: 'விழியசைவுவழி உணர்வு மழுக்கல் மற்றும் மறுசெயலாக்கம்'. நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு துண்டும் விட்டுப்போகவில்லை. உணர்வு மழுக்கலுக்குப் பதில் கூச்சநீக்கம் என்றும் யோசித்தேன், அது பல்கூச்சத்துக்கான பற்பசை மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன்.

– க.

———

நான் இந்தத் தொழிலில் இருப்பவள், அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

தம்பி, 'மழுக்கல்' கூடவே கூடாது. என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் சொல்லும் குறையே அதுதான், 'எதுவும் உறைக்கலை, மரத்துப் போச்சு' என்கிறார்கள். அவர்களிடம் போய் உங்கள் உணர்வை மழுக்குகிறோம் என்றால் எழுந்து ஓடிவிடுவார்கள். உண்மையில் நடப்பது தணிவு. அந்த நினைவை எடுத்தால் எவ்வளவு பதறுகிறது என்று 0 முதல் 10 வரை ஒரு எண் கேட்போம். எட்டோ ஒன்பதோ சொன்னவர், சில சந்திப்புகளுக்குப் பிறகு ஒன்று என்பார், பூஜ்யம் என்பார். நினைவு போய்விடாது, அதன் சூடுதான் போகும்.

அடுத்தது கண். ஃபிரான்சீன் ஷாப்பிரோ என்ற அமெரிக்க உளவியலாளர் 1987இல் ஒரு பூங்காவில் நடந்தபோது, கண் தானாக அங்குமிங்கும் ஓடியதும் மனத்தை உறுத்திய நினைவின் வேகம் குறைந்ததைக் கவனித்தார், அதில்தான் இது தொடங்கியது. 1989இல் ஆய்வுக் கட்டுரை வந்தபோது பெயரில் மறுசெயலாக்கமே கிடையாது, பிறகு சேர்த்தார். சிகிச்சை தருகிறவர் இடமும் வலமுமாக ஆட்டும் விரலைக் கண்ணால் தொடரச் சொல்வதுதான் வழக்கம். இன்று அதற்குப் பதிலாகக் கைகளில் மாறி மாறித் தட்டுவதும் உண்டு, இரு காதிலும் மாறி மாறி ஒலி தருவதும் உண்டு. நினைவை மனத்தில் நிறுத்திக்கொண்டே இன்னொன்றையும் கவனிக்கச் சொல்வதால் நினைவின் அழுத்தம் குறைகிறது என்பது ஒரு விளக்கம், கண்ணசைவால் தனிப்பலன் உண்டா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. ஷாப்பிரோவே பின்னாளில், மறுபடி பெயர் வைக்க வாய்ப்பிருந்தால் வெறுமனே மறுசெயலாக்கச் சிகிச்சை என்று வைத்திருப்பேன் என்று எழுதிவிட்டார். பெற்றவளே வருத்தப்பட்ட பெயரை நாம் ஏன் இப்படிக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

– வ.

———

வ. அம்மா சொன்னது சரி. அப்படியானால் கண்ணை விட்டுவிட்டு 'மனவடு நீக்கம்' எனலாமே? சுருக்கம், எவருக்கும் புரியும்.

– மு.

———

வடு என்பது புண் ஆறியபின் நிற்கும் தழும்பு. ஆறிப்போனதற்கு எதற்கு ஐயா சிகிச்சை? ஆங்கிலத்தில் 'டிராமா' என்கிறார்களே, அதன் கிரேக்க மூலச்சொல்லுக்கும் பொருள் காயம்தான். 'மனப்புண்' என்றால்தான் சரி.

– க.

———

தம்பிக்கு 129ஆம் குறள் மறந்துவிட்டதா? 'தீயினாற் சுட்டபுண் உள்ளாறும் ஆறாதே நாவினாற் சுட்ட வடு.' ஆறுவது புண், ஆறாதது வடு. வள்ளுவர் வேண்டுமென்றே தலைகீழாக வைத்திருக்கிறார். வெளியே மூடிவிட்டது, உள்ளே மூடவில்லை. இதைவிடத் துல்லியமாக யாராவது சொல்லியிருக்கிறார்களா?

அந்த 'ஆறு' என்ற வினையைப் பாருங்கள். பால் ஆறுகிறது, புண் ஆறுகிறது, மனம் ஆறுகிறது. பிறவினையாக்கினால் ஆற்றுதல். அம்மா சொன்ன சூடு தணிவது, காயம் மூடுவது, தேற்றுவது மூன்றும் இந்த ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. 'நினைவாற்றுகை'!

– பு.

———

ஐயா, 'நினைவாற்றல்' என்றுதான் படிப்பார்கள். வல்லாரை லேகியம் விற்கிறோம் என்று நினைத்துவிடுவார்கள்.

– க.

———

அப்படியானால் என் பங்குக்கு ஒன்று. சிக்கிக்கொண்ட நினைவு செரிக்காத உணவு மாதிரி என்றுதான் இந்த முறையில் விளக்குகிறார்கள். மாடு என்ன செய்கிறது? அசைபோடுகிறது. கண்ணும் அசைகிறது, நினைவையும் அசைபோடுகிறோம், யாப்பிலும் அசை உண்டு, நேர் நிரை நேர் நிரை என்று இடமும் வலமுமாகவே போகும். 'மீளசை மருத்துவம்' எப்படி?

– மு.

———

மு. ஐயா, படித்துச் சிரித்தேன். ஆனால் அசைபோடுவதுதான் நோயே. ராத்திரி மூன்று மணிக்கு ஒருத்தி அதையேதான் செய்துகொண்டிருக்கிறாள்.

– வ.

———

ஒரு நிமிடம் நில்லுங்கள். கையேட்டின் வேலை என்ன? ஒருவர் சரியான கதவைத் தட்ட வேண்டும். அந்தக் கதவில் 'மனவடு ஆற்றுகை' என்று எழுதியிருக்காது, ஈ.எம்.டி.ஆர். என்றுதான் இருக்கும். தொலைபேசியில் அதைச் சொன்னால்தான் எதிர்ப்பக்கம் விளங்கும். நாம் என்ன பெயர் வைத்தாலும் தலைப்பில் அந்த நான்கெழுத்து முதலில் வரட்டும்.

– க.

———

தனித்தமிழ்க் குழுவில் இதைப் படிக்க வேண்டியிருக்கிறதே! நான்கு எழுத்துக்கு முன்னால் இரண்டாயிரம் ஆண்டு மண்டியிட வேண்டுமா?

தவிர, கையேடு என்ற வகைக்கே நம்மிடம் இலக்கணம் இருக்கிறது. பரிசில் பெற்று வரும் பாணன், பெறாத பாணனை வழியில் கண்டு, இன்னாரிடம் போ, இந்த வழியாகப் போ என்கிறான். 'பெற்ற பெருவளம் பெறாஅர்க்கு அறிவுறீஇ' என்பது தொல்காப்பியம். பத்துப்பாட்டில் பாதி அதுதான். நலமானவர் நலமாகாதவருக்கு வழிசொல்வதற்குப் பெயர் ஆற்றுப்படை! இந்த ஆறு வழி, அந்த ஆறு தணிதல். இரண்டும் ஒரே வேரா என்பதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

– பு.

———

பு. ஐயா, தனி மடலில் நிச்சயம் எழுதுங்கள். ஆனால் வழி சொல்கிறவன் வழியைத்தானே சொல்ல வேண்டும்? செ.யின் கையேட்டில் இவை கட்டாயம் இருக்கட்டும்: பயிற்சியை முழுதும் முடித்தவரா, முதல் பகுதியோடு நின்றவரா, மேற்பார்வையில் செய்து பழகியவரா, உங்களைப் போன்ற பாதிப்புள்ளவர்களைப் பார்த்திருக்கிறாரா, நடுவில் தாங்கவில்லை என்றால் எப்படி நிறுத்துவார். முறைப்படி மொத்தம் எட்டுக் கட்டம், முதல் இரண்டும் வரலாறு கேட்பதும் ஆயத்தமும்தான். உட்கார்ந்த பத்தாவது நிமிடம் விரலை ஆட்டத் தொடங்குகிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். நடந்ததை ஒன்றுவிடாமல் விவரிக்க வேண்டியதில்லை என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள், பலர் அந்தப் பயத்தில்தான் வராமல் இருக்கிறார்கள். உலகச் சுகாதார அமைப்பின் 2013 வழிகாட்டுதலில் இந்தச் சிகிச்சை இருக்கிறது என்பதையும் ஒரு வரியில் சேருங்கள்.

– வ.

———

எல்லோருக்கும் நன்றி. மணி பதினொன்று, அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். தலைப்பு: 'ஈ.எம்.டி.ஆர். – மனக்காயம் ஆற்றும் சிகிச்சை'. உள்ளே ஒரே ஓர் இடத்தில் 'விழியசைவு மறுசெயலாக்கம்' என்று விரிவு, இடமும் வலமுமாகச் செய்வதற்கு 'இடவலத் தூண்டல்'. மழுக்கல் எங்கும் இல்லை. வடு, புண் இரண்டு தரப்புக்கும் பொதுவாகக் காயம் என்று போட்டுவிட்டேன். அந்த அம்மாவிடம் மறுபடி காட்டினேன். இந்த முறை கண்ணாடியைக் கழற்றவில்லை. நான்காம் பக்கம் வரை படித்துவிட்டு, "இதுல ஒண்ணு நான் வெச்சுக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

– செ.

———

காயம் என்றால் உடம்பு என்றும் பொருள். 'காயமே இது பொய்யடா' நினைவில்லையா? என் மறுப்பைப் பதிவுசெய்துகொள்ளுங்கள். ஆறு பற்றிய மடல் தனியே வருகிறது, கொஞ்சம் நீளம்.

– பு.