பொழுது சாய்ந்து இருட்டுவதற்குள் நீங்கள் பார்த்தது என்ன?

செக்கானூரணியிலிருந்து:

நானே தொடங்கி வைக்கிறேன். மேலக்காலில் இருந்து எங்கள் ஊருக்கு வரும் ரோடு நாகமலையைக் கணவாய் வழியாகத் தாண்டும். மார்கழியில் சூரியன் தென்மேற்கே இறங்குவதால் மேலக்கால் பக்கம் வெயில் சீக்கிரமே மலைக்குப் பின்னால் போய்விடும். கடிகாரப்படி பொழுது சாய இன்னும் நேரம் இருக்கும், வானமும் வெளிச்சமாகத்தான் இருக்கும், ஆனால் வயல் முழுக்க நிழல் விழுந்திருக்கும். கணவாய்க்குள் நுழைந்தால் அதைவிட இருட்டு. அங்கே முனி நடமாட்டம் உண்டு என்று எங்கள் அப்பத்தா சொல்லும். "விளக்கு வைக்கிற நேரத்துல அந்தப் பக்கம் போகாத சாமி" என்பதுதான் சின்ன வயதிலிருந்து எனக்குச் சொல்லப்பட்ட ஒரே போக்குவரத்து விதி.

ஒரு நாள் அந்த நேரத்தில் டிவிஎஸ் 50-யில் வந்துகொண்டிருந்தேன். ஹெட்லைட் போட்டதும் நடுரோட்டில் தரையோடு தரையாக இரண்டு சிவப்புப் புள்ளிகள். பூனைக்கண் மாதிரிப் பச்சை இல்லை, கங்குச் சிவப்பு. கிட்டே போகப் போக நகரவே இல்லை. முன்சக்கரம் நெருங்கியதும் சத்தமே இல்லாமல் எழும்பி, இருபதடி தள்ளி மறுபடி உட்கார்ந்து மறுபடி சிவந்தது. சரி, எதுவானாலும் பார்த்துவிடுவோம் என்று இஞ்சினை அணைத்தேன். ஓரத்துப் புதரிலிருந்து இன்னொன்று கூப்பிட்டது. சிமெண்டுத் தரையில் கோலிக்குண்டைப் போட்டால் துள்ளித் துள்ளி வேகமெடுத்து அடங்குமே, அப்படி ஒரு "சுக் சுக் சுக்".

பக்கி என்கிற பறவைதான் அது. பகலெல்லாம் காய்ந்த சருகோடு சருகாகத் தரையில் கிடக்கும், மிதித்தாலொழியத் தெரியாது. கூடு கட்டாது, முட்டையும் வெறும் தரையில்தான். அந்தியில் எழுந்து, வாயை அகலத் திறந்து பறக்கிற பூச்சியைப் பிடிக்கும். வெயிலில் காய்ந்த தார் ரோட்டில் சூடு இருக்கும் என்பதால் அங்கே வந்து உட்காரும். கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருப்பதால்தான் அந்தச் சிவப்பு. வீட்டுக்குப் போய் அப்பத்தாவிடம் விளக்கமாகச் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு, "பக்கியாவே இருக்கட்டும். அது யாருக்குக் காவலா அங்க உக்காந்திருக்கு?" என்றது. இதற்கு என்னிடம் பதில் இல்லை.

திருமங்கலத்திலிருந்து:

முனியை விடுங்கள், நேரத்தைப் பற்றிக் கொஞ்சம். டிசம்பர் 21, 22-இல்தான் பகல் ஆகக் குறைவு என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். ஆனால் மதுரை வட்டாரத்தில் பொழுது ஆகச் சீக்கிரமாகச் சாய்வது நவம்பர் மூன்றாவது வாரத்தில், 5.52 வாக்கில். கார்த்திகை பிறக்கிற சமயம் அது. வாசலில் தினமும் விளக்கு வைக்கும் மாதம் அங்கே வந்து விழுவது எனக்குப் பிடித்த பொருத்தம். ஆகத் தாமதமாகச் சாய்வது ஆனிக் கடைசியில், 6.40-க்குக் கொஞ்சம் மேலே. ஆக ஆண்டு முழுக்கப் பார்த்தாலும் ஐம்பது நிமிஷ வித்தியாசம்தான். இந்திய நேரம் 82.5 பாகைத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடுவது. மதுரை 78-ஐ ஒட்டி, அதாவது மேற்கே தள்ளி இருப்பதால் நம் சூரியன் சராசரியாகக் கடிகாரத்துக்கு 17, 18 நிமிஷம் பின்தங்கித்தான் வரும், போகும்.

உசிலம்பட்டியிலிருந்து:

எங்கள் அம்மா பஸ் ஸ்டாண்டு பக்கம் பூ விற்றவர். மல்லிகையை விடிவதற்கு முன்பே மொட்டாகப் பறித்துவிடுவார்கள். நாளெல்லாம் இறுக்கமாக இருக்கும் மொட்டு, பொழுது சாய்ந்ததும் வாய் திறக்கும். வாசனை தூக்கும், விலை இறங்கும். மலர்ந்த பூ மறுநாளைக்கு ஆகாது என்பதால் பூக்காரருக்கு அந்தி என்றாலே அவசரம்தான்.

2012 பவர்கட் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். சரியாக விளக்கு வைக்கிற நேரத்தில் கரண்டு போகும், பஜார் முழுக்கக் கும்மிருட்டு. வாசனையை வைத்தே ஆட்கள் கடையைக் கண்டுபிடித்து வருவார்கள். ஒரு நாள் ஒருவர் வந்து, "இருட்டுல முழத்தைக் குறைச்சுப்புடுவ, என் கையால அளப்பேன்" என்று நின்றார். நெடுநெடுவென்று ஆள், கையும் அதற்கேற்ற நீளம். அம்மா அசரவில்லை. "அளங்கண்ணே. காசும் உங்க கை நீளத்துக்கு வரட்டும்." அப்புறம் அவர் வாடிக்கையாகவே ஆகிவிட்டார், கடைசி வரை அம்மா முழம்தான். பக்கத்துப் பலசரக்குக் கடைக்காரர் வேறு ரகம். விளக்கு வைத்த பிறகு ஊசி கேட்டால் தர மாட்டார், வீட்டு லட்சுமி போய்விடுமாம். செல்போன் சார்ஜர் கேட்டால் தருவார்.

நாகமலை புதுக்கோட்டையிலிருந்து:

இருட்டு எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று யாராவது பார்த்திருக்கிறீர்களா? சூரியன் விழுவதைப் பார்க்க எல்லாரும் மேற்கே திரும்பிக்கொள்கிறோம். கீழக்குயில்குடி சமணர் மலையில் சமணச் சிற்பங்கள் இருக்கும் பேச்சிப்பள்ளத்துக்கு மேலே ஏறி, கிழக்கே பார்த்து உட்காருங்கள். எதிரே நகரம், வடகிழக்கே யானைமலை. சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில் அடிவானத்தை ஒட்டி மங்கலான நீலச்சாம்பல் பட்டை ஒன்று எழும்பும், அதற்கு மேலே ரோஜா நிறத்தில் ஒரு கரை. அந்த நீலம் மேகமல்ல. நாம் உட்கார்ந்திருக்கும் இந்த பூமியின் நிழல், காற்று மண்டலத்தில் விழுவது. மேலே ஏற ஏறக் கரைந்து, கால் மணி நேரத்தில் வானத்தோடு கலந்துவிடும். கோடையில் புழுதி மறைத்துவிடும். தை, மாசியில் நன்றாகத் தெரியும். அங்கே ஆடு மேய்க்கும் அண்ணன் ஒருவர்தான் கம்பை நீட்டி எனக்கு இதைக் காட்டினார். நிழல் என்றெல்லாம் சொல்லவில்லை. "அந்தா ஏறுது பாருங்க, இறங்கிருவோம்" என்றார், அவ்வளவுதான். பாறையில் வெட்டிய படியில் இருட்டில் இறங்குவது லேசான வேலை இல்லை.

வாடிப்பட்டியிலிருந்து:

மினி பஸ் ஓட்டுகிறேன். நீங்கள் ரசிக்கிற அதே அரை மணி நேரம்தான் எனக்கு நாளிலேயே மோசமான நேரம். ஹெட்லைட் போட்டாலும் எடுக்காது, போடாவிட்டாலும் தெரியாது. நம் ஊரில் சூரியன் சரிவாக இல்லாமல் கிட்டத்தட்ட நேராக இறங்குவதால், மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிஷத்தில் கைரேகை தெரியாது. கண் இருட்டுக்கு முழுசாகப் பழகவோ அரை மணி நேரம் ஆகும். ஆக, கண்ணை இருட்டு முந்திவிடுகிறது. அந்த நேரத்தில்தான் மாடு திரும்பும், பின்விளக்கு இல்லாத டிராக்டர் கரும்போடு வரும். வெள்ளை வேட்டிக்காரர் தூரத்திலேயே தெரிவார், கறுப்புச் சட்டைப் பையன் பக்கத்தில் வந்தால்தான் தெரிவான்.

இதையெல்லாம்விட உளுந்துதான் பெரிய தொல்லை. பாதி ரோட்டில் செடியைப் பரப்பி, ஓரத்தில் கல்லும் முள்ளும் வைத்துவிடுகிறார்கள். சாயங்காலம் உளுந்தை அள்ளிக்கொண்டு போனாலும் கல் அங்கேயே கிடக்கும். ஒரு தடவை டயர் வெடித்து, பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு ஓரமாக நின்றோம். கல் வைத்த பெரியவரிடம் சண்டை போடலாம் என்று இறங்கினால், அவரே ஜாக்கி தூக்க வந்துவிட்டார். கல் வைக்காவிட்டால் லாரி உளுந்து மேலேயே ஏறிவிடுகிறது என்று அவருக்கும் நியாயம் இருந்தது. கடைசியில் வீட்டில் கிடந்த பழைய சிடி தட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். முள்ளுக் கிளையில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார், லைட் பட்டால் தூரத்திலிருந்தே மினுக்குகிறது. கல்லை மட்டும் இன்னும் எடுப்பதில்லை.