ஆர்சிங்க் டீமனின் கோப்புகள்: இயல்பான இடத்திலேயே விடுவதா, தரவு வட்டுக்குள் கொண்டுவருவதா?

பழைய வண்ணை

எம்.சி. சாலைக்குப் பின்புறமுள்ள தெரு ஒன்றில், தரைத்தளத்தில், எங்கள் ஸ்டூடியோ இருக்கிறது. திருமண ஆல்பம் வடிவமைக்கும் மூன்று கணினிகள், டெபியன் லினக்ஸ் சர்வர் ஒன்றில் ஓடும் ஆர்சிங்க் டீமனோடு (பின்னணியில் ஓடி, கணினிகளுக்கிடையே கோப்புகளை ஒத்திசைக்கும் நிரலோடு) இரவுதோறும் ஒத்திசைகின்றன. 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல் மழையில் கடைக்குள் முழங்கால் அளவு தண்ணீர் ஏறியபோது, தரவு வட்டை மட்டும் கழற்றி மாடிக்குக் கொண்டுபோனோம். சர்வர் நனைந்து வீணாயிற்று. புதிய கணினியில் அந்த வட்டைப் பொருத்தியபோது படங்கள் அத்தனையும் பத்திரமாக இருந்தன. ஆனால் 14 மாட்யூல்களை (டீமன் பிற கணினிகளுக்குப் பெயரிட்டு வழங்கும் அடைவுகளை) வரையறுத்த /ஈடிசி/ஆர்சிங்க்டி.கான்ஃப் கோப்பும், கடவுச்சொற்கள் இருந்த கோப்பும் சிஸ்டம் வட்டோடு போய்விட்டன. எந்த மாட்யூலில் யாருக்கு எழுதும் உரிமை தந்திருந்தோம் என்பதை நினைவிலிருந்து திரும்ப எழுத இரண்டு நாள் பிடித்தது. கார்த்திகை முகூர்த்தங்கள் இன்னும் முடியாத நேரம் அது.

அதன்பிறகு நான் எடுத்த முடிவு, டீமனுக்கு வேண்டிய எல்லாவற்றையும் தரவு வட்டின் மேலேயே, /எஸ்ஆர்வி/ஒத்திசைவு என்ற ஒரே அடைவுக்குள் வைப்பது. அமைவுக் கோப்பின் இடத்தை --கான்ஃபிக் என்ற தெரிவால் மாற்றலாம். கடவுச்சொற் கோப்பு, பதிவுக் கோப்பு, பிஐடி கோப்பு (ஓடும் டீமனின் எண்ணைக் குறிப்பது), பூட்டுக் கோப்பு (இணைப்புகளின் வரம்பைக் காக்க உதவுவது) ஆகியவற்றின் இடங்களை அமைவுக் கோப்புக்குள்ளேயே சொல்லிவிடலாம். வட்டைக் கழற்றினால் சர்வரே கையில் வந்துவிட வேண்டும் என்பதுதான் என் நோக்கம். இதில் தவறு இருப்பதாகக் கருதுகிறவர்கள் காரணத்தோடு சொல்ல வேண்டுகிறேன்.

பெரம்பூர் பணிமனை

உங்கள் இழப்பு எனக்குப் புரிகிறது, ஐயா. ஆனால் அதற்கு நீங்கள் கண்ட மருந்தை நான் ஏற்கவில்லை. தரவை இடம் மாற்றுங்கள், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஒரு கணினி மற்றவற்றுக்கு வழங்கும் தரவுக்காகவே /எஸ்ஆர்வி அடைவு ஒதுக்கப்பட்டிருக்கிறது. அமைவுக் கோப்பை மட்டும் அது இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுங்கள்.

முதற்காரணம் சிஸ்டம்டி, அதாவது சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் நிரல். டெபியன் தரும் சேவைக் கோப்பில், /ஈடிசி/ஆர்சிங்க்டி.கான்ஃப் இருந்தால் மட்டுமே டீமனைத் தொடங்கு என்று கண்டிஷன்பாத்எக்ஸிஸ்ட்ஸ் வரி ஒன்று இருக்கிறது. நீங்கள் கோப்பை நகர்த்திவிட்டு, டீமனை ஓட்டும் கட்டளை உள்ள எக்ஸெக்ஸ்டார்ட் வரியில் மட்டும் --கான்ஃபிக் சேர்த்தால் என்ன ஆகும்? தொடங்கச் சொல்லிக் கட்டளை இடுவீர்கள். பிழைச்செய்தி எதுவும் வராமல் அடுத்த வரியில் கர்சர் வந்து நிற்கும். நிலையைக் கேட்டுப் பார்த்தால்தான் சேவை ஓடவில்லை என்பதும், நிபந்தனை நிறைவேறவில்லை என்ற ஒற்றை வரியும் தெரியும். தோல்வி என்ற சிவப்பு எழுத்துகூட அங்கே இருக்காது, ஏனென்றால் சிஸ்டம்டியின் கணக்கில் அது தோல்வியே அல்ல.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. ஒவ்வொரு முறை ஒரு கணினி இணைப்புக் கேட்கும்போதும் ஆர்சிங்க் டீமன் தன் அமைவுக் கோப்பைப் புதிதாகப் படிக்கிறது. அதனால்தான் மாட்யூலை மாற்றியபின் டீமனை மறுபடி தொடங்க வேண்டியதில்லை. அந்தக் கோப்பு யுஎஸ்பி வழியே இணைந்த வட்டில் இருந்து, கேபிள் ஒரு கணம் நெகிழ்ந்தால், தரவோடு சேர்ந்து அமைவும் போய்விடும்; எது பழுதானது என்று பதிவைப் பார்க்கலாம் என்றால் பதிவும் அதே வட்டில்தான் இருக்கும்.

கடவுச்சொற் கோப்பைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் பெயரும் கடவுச்சொல்லும் வெளிப்படையான எழுத்திலேயே இருக்கின்றன. பிறர் படிக்கக்கூடிய அனுமதி அதற்கு இருந்தால், ஸ்ட்ரிக்ட் மோட்ஸ் என்ற இயல்பான விதிப்படி டீமன் அதைப் பயன்படுத்த மறுத்துவிடும். எக்ஸ்ஃபேட் வடிவிலுள்ள வட்டில், உரியவர் மட்டுமே படித்து எழுதலாம் என்ற 600 அனுமதியைக் கோப்புக்குக் கோப்பு வைக்கவே முடியாது. அந்த நிலையில் பலர் ஸ்ட்ரிக்ட் மோட்ஸை அணைத்துவிடுகிறார்கள், அது பூட்டு சரியாக விழவில்லை என்று கதவைக் கழற்றி வைப்பதற்குச் சமம். இதைவிட மோசமான நிலை ஒன்றும் உண்டு. ஒரே அடைவுக்குள் எல்லாவற்றையும் வைத்துவிட்டு, அந்த அடைவையே மாட்யூலின் பாதையாகக் கொடுத்தால், வடிவமைப்பாளரின் கணினி படங்களோடு சேர்த்துக் கடவுச்சொற்களையும் இறக்கிக்கொள்ளக்கூடும். எழுதும் உரிமையும் இருந்தால் அமைவுக் கோப்பையே மாற்றி எழுதிவிடலாம்.

/ஈடிசி அடைவிலுள்ள அந்த இரண்டு கோப்புகளையும் இரவுதோறும் தரவு வட்டுக்குப் படியெடுக்க ஒரு கிரான் வரி (குறித்த நேரத்தில் தானே ஓடும் கட்டளை) போதும். உங்களுக்கு வேண்டியது கிடைத்துவிடும்.

பழைய வண்ணை

கிரான் வரியைத்தான் நானும் நம்பியிருந்தேன், ஐயா. அந்த வரி இருந்தது; ஆனால் 2022-இல் கடவுச்சொற் கோப்பின் பெயரை மாற்றியபோது அதைத் திருத்த மறந்துவிட்டேன். படி என்பது அசலிலிருந்து விலகிக்கொண்டே போகும், விலகியதை வெள்ளம் வந்த பிறகுதான் காட்டும். அசலே தரவின் பக்கத்தில் இருந்தால் இந்தக் கவலை எனக்கு இல்லை. /ஈடிசியில் உள்ள அமைவுக் கோப்பு டெபியன் தொகுப்பு கொண்டுவந்து வைப்பதும் அல்ல. தொகுப்பில் ஒரு மாதிரிக் கோப்பு மட்டுமே இருக்கிறது, அசலை நாம்தான் எழுதுகிறோம். எனவே அப்டேட் வந்து குழப்பிவிடும் என்ற அச்சம் இங்கே பொருந்தாது.

சிஸ்டம்டி பற்றி நீங்கள் சொன்னது முழு உண்மை. சிஸ்டம்சிடிஎல் எடிட் மூலம் ஒரு மேலெழுத்துக் கோப்பு உண்டாக்கி, அதில் கண்டிஷன்பாத்எக்ஸிஸ்ட்ஸ் வரியை வெறுமையாக ஒருமுறை எழுதினால் பழைய நிபந்தனை நீங்கிவிடும். எக்ஸெக்ஸ்டார்ட் வரியையும் அப்படியே முதலில் வெறுமையாகவும், அடுத்த வரியில் புதிய பாதையோடும் எழுத வேண்டும். நிபந்தனைக்குப் பதிலாக அசெர்ட்பாத்எக்ஸிஸ்ட்ஸ் என்று புதிய இடத்தைக் குறித்தால், கோப்பு இல்லாதபோது சேவை பிழை காட்டியே நிற்கும். இயல்பான ஏற்பாட்டில் இல்லாத ஒரு நன்மை இது.

என் வட்டு லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 வடிவில் இருப்பதால் 600 அனுமதி நிற்கிறது. கடவுச்சொற் கோப்பு ரூட்டுக்கே (முழு அதிகாரமுள்ள பயனருக்கே) உரியதாக இருக்கிறது. மாட்யூல்கள் எல்லாம் 'தரவு' என்ற உள்ளடைவுக்குக் கீழும், அமைவு சார்ந்தவை அதற்கு வெளியே தனி அடைவிலும் இருக்கின்றன.

காசிமேடு கணக்கு

ஐஸ் தொழிற்சாலை ஒன்றில் கணக்குப் பார்க்கிறேன். நீங்கள் இருவரும் அமைவுக் கோப்பைச் சுற்றியே பேசுகிறீர்கள். என்னை உலுக்கியது வேறொன்று.

ஓர் இரவு மின்சாரம் போய்த் திரும்பியது. சர்வர் எழுந்துவிட்டது, வெளிவட்டு எழவில்லை. வட்டு இல்லாவிட்டாலும் கணினி தொடங்கட்டும் என்று, வட்டுகளை ஏற்றும் பட்டியலான எஃப்எஸ்டேபில் நோஃபெயில் என்று எழுதியிருந்தோம். எனவே எந்தத் தடையும் இல்லாமல் எல்லாம் தொடங்கியது. வட்டு மவுண்ட் ஆக (அடைவாக வந்து இணைய) வேண்டிய இடத்தில் ஒரு வெற்று அடைவு இருந்தது, மாட்யூலின் பாதை அந்த அடைவேதான். அதிகாலை 2 மணிக்கு என் மடிக்கணினி வழக்கம்போல, சர்வரில் இல்லாதவற்றைத் தன்னிடமும் அழிக்கும் --டெலீட் தெரிவோடு ஒத்திசைக்கப் போயிற்று. படிக்கும்போது பிழை நேர்ந்தால் ஆர்சிங்க் அழிப்பதைத் தானே நிறுத்திக்கொள்ளும். ஆனால் காலியாக இருப்பது பிழை அல்லவே! காலையில் பில்களின் கோப்புறையைத் திறந்தேன், வெள்ளைத் திரை மட்டும் இருந்தது. இரண்டு ஆண்டு ஸ்கேன்கள் அவை. வட்டில் அசல் இருந்ததால் மீட்டோம், ஆனால் அது தெரியவந்த அந்த அரைமணி நேரத்தை நான் மறக்கவில்லை.

இப்போது மாட்யூலின் பாதையாக மவுண்ட் இடத்தை நேரடியாகக் கொடுப்பதே இல்லை. பழைய வண்ணை ஐயா சொன்ன 'தரவு' போன்ற உள்ளடைவு, வட்டின் மேல் மட்டுமே இருக்கும். வட்டு ஏறாவிட்டால் அந்தப் பாதையே இருக்காது. ரூட்டாக ஓடும் டீமனை மாட்யூலின் அடைவுக்குள் அடைத்துவைக்கும் யூஸ் சிஹெச்ரூட் இயல்பாகவே இயங்கும் நிலையில் இருப்பதால், டீமன் அங்கே நுழைய முயன்று சிஹெச்ரூட் ஃபெயில்டு என்று பிழை சொல்லி இணைப்பை முறித்துவிடும். இந்தப் பாதுகாப்பை யாராவது அறியாமல் கெடுத்துவிடலாம்: வட்டு ஏறாதபோது அந்த உள்ளடைவைக் கையால் உருவாக்கினால் மறுபடி பழைய ஆபத்துதான். அதனால் வட்டைக் கழற்றிய நிலையில், வெற்று மவுண்ட் அடைவுக்கு 'சாட்டர் +ஐ' என்ற கட்டளையைக் கொடுத்து, அதற்குள் எதுவும் உருவாகாதபடி செய்திருக்கிறேன். மடிக்கணினியில், ஒரே முறையில் எத்தனை அழிக்கலாம் என்ற --மேக்ஸ்-டெலீட் வரம்பும் வைத்திருக்கிறேன்.

பெரம்பூர் பணிமனை

காசிமேடு அம்மா சொன்னதை இரு தரப்பும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டும். அதோடு மேலெழுத்துக் கோப்பில் ரிக்வயர்ஸ்மவுண்ட்ஸ்ஃபார் என்ற வரியில் அந்த இடத்தைக் குறிப்பிடுங்கள். வட்டு ஏறிய பிறகே டீமன் தொடங்கும், ஏறாவிட்டால் தொடங்காது.

பூட்டுக் கோப்பையும் பிஐடி கோப்பையும் தரவு வட்டுக்குக் கொண்டுபோவதை மட்டும் நான் இன்னும் எதிர்க்கிறேன். பிஐடி கோப்புக்கு ஆர்சிங்க் இயல்பான இடம் எதுவும் வைக்கவில்லை. பூட்டுக் கோப்புக்கு /வார்/ரன்/ஆர்சிங்க்டி.லாக். அந்த அடைவு இன்று நினைவகத்தில்தான் இருக்கிறது, கணினி அணைந்தால் தானே காலியாகிவிடும். இந்த வகைக் கோப்புகளுக்கு அதுதான் சரியான குணம். வெள்ளத்தில் காப்பாற்ற வேண்டியவை அல்ல அவை.

வியாசை

ஒரே ஒரு விதிவிலக்கு. எங்கள் படிப்பகத்தில் டீமனை ரூட் அல்லாத பயனராக ஓட்டுகிறோம். ஆர்சிங்கின் இயல்பான 873 ஆம் போர்ட்டை அந்தப் பயனரால் திறக்க முடியாது என்பதால் 8873, சிஹெச்ரூட்டும் முடியாது. மேக்ஸ் கனெக்ஷன்ஸ் வரம்பை எழுதும்வரை எல்லாம் ஓடியது, எழுதிய அன்றே பூட்டுக் கோப்பைத் திறக்க முடியவில்லை என்ற பிழை வந்தது, ஏனென்றால் அந்தக் கோப்பே அந்த வரம்புக்காகத்தான் இருக்கிறது. எங்களைப் போன்றவர்கள் அதை இடம் மாற்றித்தான் ஆக வேண்டும். பதிவுக் கோப்பை மாற்றினால், பழைய பதிவுகளைச் சுழற்றி நீக்கும் லாக்ரொடேட்டுக்கும் புதிய இடத்தைச் சொல்லிவிடுங்கள்.

பழைய வண்ணை

பூட்டையும் பிஐடியையும் /ரன் அடைவுக்கே திருப்பிவிட்டேன். அதில் பெரம்பூர் ஐயா சொன்னதே சரி. பதிவும் இப்போது சிஸ்டம் வட்டில் /வார்/லாக் அடைவில்தான் எழுதப்படுகிறது, வட்டு பழுதாகும் நாளில் அது வேறிடத்தில் இருப்பதே நல்லது. அமைவும் கடவுச்சொல்லும் மட்டும் தரவு வட்டில் நிற்கின்றன.

ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு, வட்டின் கேபிளைப் பிடுங்கியபடியே சர்வரைத் தொடங்கினேன். ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் காத்திருந்த பிறகு, சார்ந்திருக்கும் மவுண்ட் கிடைக்கவில்லை என்று சிஸ்டம்டியின் பதிவேடான ஜர்னலில் பதிவாகி டீமன் தொடங்காமல் நின்றது. வடிவமைப்புக் கணினியில் --டெலீட் தெரிவோடு ஒத்திசைவை ஓட்டினேன். இணைப்பு மறுக்கப்பட்டது என்ற செய்தி வந்தது, படங்களில் ஒன்றுகூடக் குறையவில்லை.

பெரம்பூர் பணிமனை

சோதனை முறையாக இருக்கிறது. கடவுச்சொற் கோப்பில் மட்டும் நான் இசையவில்லை. அடுத்த மழைக்கு அந்த வட்டை எடுத்துக்கொண்டு யாராவது ஆட்டோவில் ஏறுவார்கள். அது வழியில் தொலைந்தால் 14 மாட்யூல்களின் கடவுச்சொற்களும் வெளிப்படையான எழுத்தில் அதோடு போகும். வட்டை லக்ஸ் முறையில் மறையாக்கம் செய்யுங்கள், இல்லையென்றால் அந்த ஒரு கோப்பையாவது /ஈடிசிக்குத் திருப்பிவிட்டு, அதிலுள்ள வரிகளைத் தாளில் எழுதி மாடியில் வையுங்கள்.