சிட்னி கிரீன்ஸ்ட்ரீட்: மரியாதை குறையாத வில்லன்

1940களின் ஹாலிவுட் படங்களில் என்னை ஆட்கொண்ட குணச்சித்திர நடிகர் யார் என்று கேட்டால், தயங்காமல் சிட்னி கிரீன்ஸ்ட்ரீட்டின் பெயரைச் சொல்வேன். ஜான் ஹியூஸ்டன் இயக்கிய முதல் படமான 'தி மால்டீஸ் ஃபால்கன்' (1941) வழியாகத்தான் அவர் எனக்கு அறிமுகமானார். துப்பறிவாளராக நடித்த ஹம்ஃப்ரி போகார்ட்டுக்காகவே அந்தப் படத்தைப் பார்க்க உட்கார்ந்தேன். ஆனால் கதை வெகுதூரம் நகர்ந்த பிறகு வந்து சேரும் காஸ்பர் கட்மன் என்ற அந்தப் பருத்த மனிதர், வந்த கணத்திலேயே படத்தைத் தன் வசமாக்கிக்கொண்டார்.

துப்பறிவாளரை நாற்காலியில் அமர்த்தி, மதுவை ஊற்றிக் கொடுத்து, தாம் தேடிவரும் விலைமதிப்பற்ற பருந்துச் சிலையின் நூற்றாண்டுக் கணக்கான வரலாற்றை அவர் சொல்லத் தொடங்குவார். ஒளிப்பதிவாளர் ஆர்தர் எடெசனின் கேமரா தாழ்வான கோணத்திலிருந்து அவரை நோக்கும்போது, அந்த வயிறும் அதன்மேல் தொங்கும் கடிகாரச் சங்கிலியும் திரையை அடைத்துக்கொள்ளும். முதல் முறை பார்த்தபோது கதை கேட்கும் சுவையில் நானும் மயங்கினேன். மதுவில் மருந்து கலந்திருக்கிறது என்று தெரிந்துகொண்டு மறுபடி பார்த்தபோதுதான், அந்த இனிமையான குரல் எதற்காகக் காத்திருக்கிறது என்பது புரிந்து உடல் சிலிர்த்தது.

அதுவே அவருடைய முதல் திரைப்படம் என்பதையும், அப்போது அவருக்கு வயது 61 என்பதையும் பின்னால் படித்து வியந்துபோனேன். இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் 1879இல் பிறந்த அவர், தேயிலைத் தோட்டத்தில் பொருள் ஈட்டும் எண்ணத்துடன் இளம் வயதில் இலங்கைக்கு வந்திருக்கிறார். வறட்சி அந்தத் தொழிலைக் கெடுத்ததால் ஊர் திரும்பி, நடிப்புப் பயின்று, 1902இல் மேடையேறினார். ஏறத்தாழ நாற்பது ஆண்டு நாடக அனுபவத்துடன் கேமரா முன் வந்து நின்றவர் என்று அறிந்த பிறகு, முதல் படத்திலேயே துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

பதினேழு ஆண்டுகள் தேடிய சிலையை அவர் கத்தியால் சுரண்டிப் பார்க்கும் காட்சியை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குச் சலிக்காது. அது வெறும் ஈயம் என்று தெரிந்ததும் வெறிபிடித்தவர்போல அதை மேலும் மேலும் கீறுகிறார். பிறகு சட்டென்று நிதானத்துக்கு வந்து, சிரித்து, தேடலைத் தொடர இஸ்தான்புல்லுக்குப் புறப்படலாம் என்கிறார். ஒரு மனிதன் சில நொடிகளுக்குள் உடைந்து விழுந்து தன்னைத் தானே எடுத்து நிறுத்திக்கொள்வதை இவ்வளவு துல்லியமாக வேறு எவரும் நடித்து நான் பார்த்ததில்லை.

'காசாபிளாங்கா'வில் (1942) அவர் வருவது சில நிமிடங்கள் மட்டுமே. கள்ளச்சந்தைக்காரர் ஃபெராரியாக, தலையில் துருக்கித் தொப்பியுடன், கையில் ஈ அடிக்கும் மட்டையுடன் அமர்ந்திருப்பார். தமக்கு எந்த லாபமும் இல்லாத ஒரு தகவலை அகதித் தம்பதிக்குச் சொல்லிவிட்டு, ஏன் சொன்னோம் என்று தமக்கே விளங்காதவராக இருப்பார். அந்தச் சிறு கருணையை மிகைப்படுத்தாமல், அவர்களுக்குத் தலை வணங்கி விடைகொடுத்த கையோடு, ஓங்கி ஓர் ஈயை அடிப்பார்.

அவரை இன்னும் அறியாத நண்பர்களுக்கு நான் முதலில் காட்டுவது 'த்ரீ ஸ்ட்ரேஞ்சர்ஸ்' (1946). வாடிக்கையாளரின் அறக்கட்டளைப் பணத்தில் கைவைத்துவிட்டு மானத்துக்கு அஞ்சும் லண்டன் வழக்கறிஞராக அதில் வருகிறார். கட்மனிடம் நாம் கண்ட நிதானம் இங்கே படிப்படியாகக் கரைந்து, இறுதியில் கொலையிலும் பித்திலும் போய் முடிகிறது. அதே படத்தில் பீட்டர் லோரி மென்மையான குடிகாரராக வருகிறார். இருவரும் சேர்ந்து நடித்த ஒன்பது படங்களில் எனக்கு மிகவும் நெருக்கமானது இதுவே.

1949உடன் அவருடைய திரைவாழ்வு முடிந்தது, 1954இல் காலமானார். டான் சீகல் இயக்கிய முதல் முழுநீளப் படமான 'தி வெர்டிக்ட்'டில் (1946), நிரபராதி ஒருவரைத் தூக்குமேடைக்கு அனுப்பியதால் பதவி இழக்கும் ஸ்காட்லாந்து யார்டு அதிகாரியாக அவர் நடித்திருப்பதையும் தேடிப் பாருங்கள். வில்லன் வேடத்துக்கு வெளியே அந்தக் குரல் எவ்வளவு துயரத்தைச் சுமக்க வல்லது என்பதை எனக்குக் காட்டிய படம் அது.