ஏற்காடு எஸ்டேட் குளத்தில் பெடல் படகு: எந்த இன்ஷூரன்ஸ் எடுப்பது?

மிளகுக்கொடி:

வணக்கம். ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்களுக்குச் சின்னதாக ஒரு காபித் தோட்டம் இருக்கிறது. அதிலுள்ள பழைய பங்களாவை ஹோம்ஸ்டேயாக நடத்துகிறோம். தோட்டத்துக்குள் அந்தக் காலத்திலேயே வெட்டிய குளம் ஒன்று உண்டு. நடுவில் ஆள் உயரத்துக்கு மேல் தண்ணீர் நிற்கும். சீசனில் ஏற்காடு ஏரியில் டிக்கெட் வரிசையில் நின்று சலித்துத் திரும்பும் விருந்தினர்கள், "இங்கேயே ஒரு படகு விடலாமே" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சரி என்று நாலு பேர் உட்காரும் ஃபைபர் பெடல் படகு இரண்டும், துடுப்புப் படகு ஒன்றும் வாங்கிவிட்டோம். மோட்டார் கிடையாது. படகுக்கெனத் தனிக் கட்டணமும் இல்லை, அறை வாடகையில் சேர்த்தி.

இன்னும் தண்ணீரில் இறக்கவில்லை. இன்ஷூரன்ஸ் எடுத்துவிட்டு இறக்கலாம் என்று சேலத்தில் விசாரித்தால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். ஓர் ஏஜென்ட் "சொந்த உல்லாசப் படகு என்று போட்டுவிடலாம், பிரீமியம் ரொம்பக் கம்மி" என்கிறார். இன்னொருவர், படகு முழுசாக அழிந்தால் மட்டும் பணம் தரும் ஹல் பாலிசி போதும் என்கிறார். மூன்றாமவர் பங்களாவின் தீ விபத்துப் பாலிசியிலேயே ஒரு வரி சேர்த்தால் வேலை முடிந்தது என்கிறார், கூடவே 25 லட்சத்துக்கு ஒரு பப்ளிக் லயபிலிட்டி (விருந்தினர் போன்ற வெளியாட்களுக்கு ஏதாவது ஆனால் நாங்கள் தர வேண்டிய நஷ்டஈட்டைக் கட்டும் பாலிசி) கொட்டேஷனும் அனுப்பியிருக்கிறார்.

எதை எடுப்பது? எல்லாமே வேண்டுமா?

ஐந்துரோடு ஆசாமி:

பெடல் படகுக்கெல்லாம் இன்ஷூரன்ஸா? வருகிறவர்களிடம் "எங்கள் சொந்தப் பொறுப்பில் ஏறுகிறோம்" என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், போதும். நிறைய இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள்.

பாலிசி தாத்தா:

ஆசாமி தம்பி, அந்தத் தாளை நம்பி யாரும் படகு விட வேண்டாம். உங்கள் கவனக்குறைவால் ஒருவர் உயிர் போனது என்றால், அவர் போட்ட கையெழுத்து உங்களைக் காப்பாற்றாது. செத்தவரின் மனைவியும் பிள்ளையும் அந்தத் தாளில் கையெழுத்துப் போடவே இல்லையே.

மிளகுக்கொடி, நான் பொதுக் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்களுக்கு வந்த யோசனைகளில் ஆபத்தானது முதலாவதுதான். சொந்த உல்லாசப் படகுப் பாலிசியில் "சொந்த உபயோகத்துக்கு மட்டும், வாடகைக்கு விடக்கூடாது" என்ற நிபந்தனை இருக்கும். தனிக் கட்டணம் வாங்கவில்லை என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் அறை வாடகை கொடுத்தவர்தானே படகில் ஏறுகிறார்? க்ளைம் வந்ததும் அதை விசாரிக்க வரும் சர்வேயர் முதலில் புரட்டுவது உங்கள் விளம்பரத்தைத்தான். அதில் "படகுச் சவாரி உண்டு" என்று போட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்துவிடும். பிரீமியத்தில் மிச்சம் பிடிப்பதற்காக உபயோகத்தை மறைக்காதீர்கள். காப்பீட்டில் உண்மையை முழுசாகச் சொல்ல வேண்டிய கடமை எடுப்பவருக்கு உண்டு. 1963 கடல்சார் காப்பீட்டுச் சட்டத்திலும் அது எழுதியே இருக்கிறது.

இரண்டாவது யோசனை ஆபத்தில்லை, ஆனால் உங்களுக்குப் பிரயோசனம் இல்லை. குளத்தில் கிடக்கிற ஃபைபர் படகு எப்படி முழுசாக அழியும்? கவிழ்ந்தால் கயிறு கட்டி இழுத்துவிடலாம். விரிசல் விட்டால் ஃபைபர் ஒட்டிச் சரிசெய்யலாம். அதற்கெல்லாம் இந்தப் பாலிசியில் ஒரு பைசா வராது. கடலுக்குப் போகிற கப்பலுக்கு அர்த்தமுள்ள பாலிசி இது.

மூன்றாவது ஓரளவு சரி. 5 கோடிக்கு உட்பட்ட சிறு தொழில் சொத்துகளுக்கு 2021 ஏப்ரல் முதல் 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி இருக்கிறது. தீ, புயல், வெள்ளம், நிலச்சரிவு, மரம் விழுந்து நசுங்குவது எல்லாம் அதில் வரும். படகுகளை விலையோடு தனி வரியாகக் காட்டுங்கள். சில்வர் ஓக் நிழலில் கட்டிப் போடுவீர்கள் என்றால் அந்த மரம் விழும் பகுதி உங்களுக்கு நன்றாகவே உதவும்.

இது எல்லாமே படகைப் பற்றிய பேச்சு. மூன்று படகும் போனாலும் உங்கள் நஷ்டம் சில லட்சம். அதில் உட்கார்ந்திருக்கும் ஆளை யோசியுங்கள். 30 வயது, பெங்களூரில் வேலை, மாதம் 80,000 சம்பளம், மனைவி, ஒரு குழந்தை. வாகன விபத்து வழக்குகளில் போடும் கணக்கையே இங்கே போட்டுப் பாருங்கள். வருட வருமானம் 9.6 லட்சம். அவருடைய சொந்தச் செலவு என்று மூன்றில் ஒரு பங்கு கழித்தால் 6.4 லட்சம். அந்த வயதுக்குப் பெருக்கல் எண் 17. ஒரு கோடியே 8 லட்சத்தைத் தாண்டிவிடும், எதிர்காலச் சம்பள உயர்வைச் சேர்க்காமலே. படகு விபத்துக்கு இந்தக் கணக்குக் கட்டாயம் இல்லைதான், ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் இதைத்தான் கையில் எடுப்பார். ஒரு படகில் நாலு பேர். உங்களிடம் இருப்பது 25 லட்சம் கொட்டேஷன்.

ஆகவே பெரிய பணம் பப்ளிக் லயபிலிட்டிக்குப் போகட்டும். அந்தக் கொட்டேஷனை எடுத்து விலக்குகள் பகுதியைப் படியுங்கள். 'நீர்க்கலம்' அல்லது 'வாட்டர்கிராஃப்ட்' என்ற சொல் இருக்கிறதா பாருங்கள்.

மிளகுக்கொடி:

ஐயா, இருக்கிறது! வாகனம், விமானம், நீர்க்கலம் ஆகியவற்றின் உடைமையாலோ உபயோகத்தாலோ வரும் பொறுப்பு சேராது என்று ஒரே வரியில் பொடி எழுத்தில் இருக்கிறது. ஏஜென்ட்டிடம் கேட்டதற்கு, "அது பெரிய கப்பலுக்குப் போட்ட வரிங்க, பெடல் படகுக்கு வராது" என்கிறார்.

இன்னொன்று: துடுப்புப் படகை ஓட்ட எங்கள் தோட்டத்து ஆள் ஒருவரை வைக்கப்போகிறோம். அவருக்கும் இந்தப் பாலிசியே போதுமா?

பாலிசி தாத்தா:

ஏஜென்ட் வாய்ச்சொல்லுக்கு மதிப்பில்லை. மூன்று படகையும் குறிப்பிட்டு, அந்த விலக்கு இவற்றுக்குப் பொருந்தாது என்று கம்பெனி எண்டார்ஸ்மென்ட் (பாலிசியோடு சேர்க்கும் எழுத்துபூர்வத் திருத்தம்) தர வேண்டும். நீச்சல் குளத்துக்குக் கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு சேர்த்துக் கொடுப்பார்கள் அல்லவா, அந்த வழியில்தான். தர மறுத்தால் வேறு கம்பெனியைப் பாருங்கள். எண்டார்ஸ்மென்ட் இல்லாத அந்தப் பாலிசி பங்களா மாடிப்படியில் வழுக்கி விழுந்தவருக்கு உதவும், குளத்தில் விழுந்தவருக்கு உதவாது.

பெயரிலும் கவனம். 1991 பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி ஒரு பாலிசி இருக்கிறது. அது அபாயகரமான ரசாயனங்களைக் கையாளும் ஆலைகளுக்கு. உங்களுக்கு வேண்டியது தொழிற்சாலை அல்லாத இடங்களுக்கான பப்ளிக் லயபிலிட்டி. பெயர் ஒன்றுபோல இருப்பதால் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

தொகையில் இரண்டு வரம்பு இருக்கும்: ஒரு விபத்துக்கு எவ்வளவு, ஒரு வருடத்துக்கு எவ்வளவு என்று. நீங்கள் பார்க்க வேண்டியது முதல் எண். வருடத்துக்கு ஒரு கோடி, விபத்துக்கு 25 லட்சம் என்று இருந்தால், ஒரு படகு கவிழும்போது கையில் 25 லட்சம்தான்.

படகோட்டி உங்கள் வேலையாள், மூன்றாம் நபர் இல்லை. அவருக்குப் பணியாளர் இழப்பீட்டுப் பாலிசி தனியாக வேண்டும். அவரை "தோட்ட வேலை" என்று மட்டும் எழுதாதீர்கள், படகு ஓட்டுவதையும் எழுதுங்கள்.

காவேரிக்கரை:

நான் மேட்டூர்க்காரன். மிளகுக்கொடி, தாத்தா சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யாராவது சின்ன மோட்டார் மாட்டினால் ஜோராக இருக்கும் என்பார்கள். மாட்டுவதற்கு முன் யோசியுங்கள். இயந்திரப் படகு என்று ஆகிவிட்டால் 2021 உள்நாட்டுக் கலங்கள் சட்டம் பேச ஆரம்பிக்கும். ஆய்வுச் சான்று, பதிவு, ஓட்டுபவருக்குத் தகுதிச் சான்று, காப்பீடு எல்லாம் அதில் கட்டாயம். மோட்டார் இல்லாத படகு என்று எழுதி வாங்கிய பாலிசியும் அப்போது செல்லாக்காசு.

லைஃப் ஜாக்கெட் பாலிசி நிபந்தனையில் இருக்கும். வாங்கி வைத்தால் போதாது, போட்டுக்கொண்டுதான் ஏற வேண்டும். எங்கள் பக்கம் பரிசலில் ஏறியதும் செல்ஃபிக்காக அதைக் கழற்றிவிடுவார்கள். குழந்தை அளவிலும் சில வாங்கி வையுங்கள். பெரியவர் ஜாக்கெட்டைச் சின்னப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் ஜாக்கெட் மேலே வரும், பிள்ளை கீழே நழுவும்.

ஐந்துரோடு ஆசாமி:

கையெழுத்துத் தாள் யோசனையை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் 🙂 படகைத் திருடிக்கொண்டு போனால்? எலி கடித்தால்?

பாலிசி தாத்தா:

திருட்டு: சூக்ஷ்ம பாலிசியில் வெள்ளம், தீ மாதிரி ஏதாவது நடந்து, அதன் தொடர்ச்சியாக 7 நாளுக்குள் நடந்த திருட்டுக்குத்தான் பணம். சும்மா இரவில் தூக்கிக்கொண்டு போனால் வராது, அதற்குத் திருட்டுக் காப்பீடு தனி. ஆனால் பெடல் படகைத் தூக்கிக்கொண்டு 20 ஊசிமுனை வளைவு இறங்கிச் சேலம் போகிற திருடனை நான் பார்த்ததில்லை. சங்கிலியும் பூட்டும் போதும்.

எலி: கேலியாகக் கேட்டாலும் பதில் இருக்கிறது. கடல்சார் காப்பீட்டுச் சட்டத்தின் 55-வது பிரிவு, பாலிசியில் வேறுவிதமாக எழுதியிருந்தால் ஒழிய, எலியாலும் பூச்சியாலும் வரும் சேதத்துக்குக் காப்பீட்டாளர் பொறுப்பில்லை என்கிறது. சாதாரணத் தேய்மானத்துக்கும் அப்படித்தான்.

மிளகுக்கொடி:

அந்த ஏஜென்ட் எண்டார்ஸ்மென்ட் முடியாது என்று சொல்லிவிட்டார். வேறொரு கம்பெனியின் சேலம் கிளையில் பேசினேன். குளத்தின் ஆழம், படகின் படம், ஜாக்கெட் எண்ணிக்கை எல்லாம் கேட்டார்கள். பார்வையிட ஆள் அனுப்புகிறார்களாம். விபத்துக்கு ஒரு கோடி என்றால் பிரீமியம் எவ்வளவு என்று அதற்கப்புறம் சொல்வார்கள். தோட்டத்து ஆளுக்குத் தனிப் பாலிசியும் அங்கேயே.

கடைசியாக ஒரு சந்தேகம். நாங்கள் படகு விடுவது ஏப்ரல், மே மட்டும்தான். மழைக்காலத்தில் கரையேற்றி ஷெட்டில் கவிழ்த்துவிடுவோம். லயபிலிட்டி பாலிசியை அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் எடுக்கலாமா?

பாலிசி தாத்தா:

எடுக்காதீர்கள். நம் ஊர் லயபிலிட்டி பாலிசிகள் பெரும்பாலும் விபத்து நடந்த தேதியை மட்டும் பார்ப்பதில்லை. உங்கள் மேல் க்ளைம் வருகிற நாளிலும் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும். மே மாதம் நடந்ததற்கு நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட இரண்டு வருடம் அவகாசம் உண்டு. வக்கீல் நோட்டீஸ் அடுத்த தீபாவளிக்கு வந்தால் என்ன செய்வீர்கள்? இடைவெளி விடாமல் புதுப்பித்துக்கொண்டே வாருங்கள். கம்பெனி மாறினால் பழைய 'ரெட்ரோஆக்டிவ் தேதி' (எந்தத் தேதி முதல் நடந்த விபத்துகளைப் பாலிசி ஏற்கும் என்பது) புதுப் பாலிசியிலும் அப்படியே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மிளகுக்கொடி:

சரிங்க ஐயா, வருடம் முழுக்கவே எடுத்துவிடுகிறேன். பார்வையிட வருபவர் போகும்வரை படகு ஷெட்டிலேயே இருக்கும்.