அணி இலக்கணம் உங்களை எங்கே மடக்கியது?

திண்ணைக்காரி:
பத்தாம் வகுப்பு மகளின் விடைத்தாள். குறள் 10, 'பிறவிப் பெருங்கடல்'. என்ன அணி என்ற கேள்விக்கு உருவக அணி என்று எழுதியிருக்கிறாள். சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் 'ஏகதேச' (ஒரு பகுதி மட்டும்) என்று மட்டும் இருந்தது. எனக்குக் கோபம். பிறவியைக் கடல் என்று சொல்லியாகிவிட்டது, அப்புறம் என்ன? மறுநாளே பள்ளிக்குப் போய்க் கேட்பதாகக் குதித்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் தட்டிலிருந்து நிமிராமலே சொன்னாள்: "அம்மா, கடல்னு சொன்னவரு தெப்பம்னு சொல்லலையே. அடின்னு மட்டும் விட்டுட்டாரு. அதான்."

முப்பது வருடமாக அந்தக் குறளைச் சொல்லி வருகிறேன். தெப்பம் அதில் இல்லவே இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. என் மனதில் அது பாட்டுக்கு மிதந்துகொண்டிருந்தது.

பாலைக்காற்று:
எனக்குத் தற்குறிப்பேற்றம். சிலப்பதிகாரத்தில் கோவலனையும் கண்ணகியையும் பார்த்து மதுரைக் கோட்டைக் கொடி 'வாரல்', அதாவது வராதே, என்று கை காட்டியது எல்லோருக்கும் தெரியும். "காத்தடிச்சா கொடி ஆடத்தானே செய்யும், ஐயா" என்று வகுப்பில் கேட்டுவிட்டேன். பெஞ்சே சிரித்தது. ஐயா சிரிக்கவில்லை. "ஆமாடா, அது தானா ஆடினாத்தான் இந்த அணியே" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

2009-ல் துபாய்க்குக் கிளம்பிய காலை. ஆட்டோ தெருமுனையில் திரும்பும்போது பார்த்தேன், கொடியில் காய்ந்த அம்மாவின் சேலை ஒரு முனை மட்டும் எழும்பி எழும்பி விழுந்தது. காற்றுதான். நிறுத்தச் சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை.

உருபுதேடி:
திண்ணைக்காரி, ஆசிரியர் திருத்தியது சரி. சண்டைக்குப் போகாதது நல்லது.

பாலைக்காற்று, உங்கள் கதையில் சேலைக் கொடி, கோட்டைக் கொடி என்று ஒரு சொல் இரண்டு பக்கம் இழுக்கிறது. இது சிலேடைப் பக்கம் சாய்கிறதே?

நான் மாட்டியதும் அதே சிலப்பதிகார அடியில்தான். 'வாரல் என்பனபோல்' என்று வருகிறதா, 'போல்' கண்டதும் உவமை என்று எழுதி மதிப்பெண் போனது. ஆகவே எல்லோருக்கும் சொல்கிறேன், உருபைப் பார்த்ததும் பாயாதீர்கள். அங்கே கொடியை வேறு பொருளோடு ஒப்பிடவில்லை, அதற்கு இல்லாத எண்ணத்தை ஏற்றுகிறார். குறள் 151-ல் 'நிலம்போல' ஒப்பிடுகிறது, அதனால் உவமை. 'அகர முதல'வில் உருபே இல்லை, இரண்டு வாக்கியமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, எடுத்துக்காட்டு உவமை. 475-ல் மயிலிறகு ஏற்றிய வண்டி அச்சு முறிகிறது, சொல்ல வந்த விஷயம் குறளுக்கு வெளியே நிற்கிறது, பிறிதுமொழிதல். மலர்முகம் என்றால் உவமை, முகமலர் என்றால் உருவகம். தாளில் எழுதி மேசையில் ஒட்டுங்கள். தொல்காப்பியர் உவமவியலோடு நிறுத்திக்கொண்டார். பிற்கால அணி நூலான தண்டியலங்காரத்தில் பெருகிய கூட்டம் இது, குழம்புவது உங்கள் தப்பில்லை.

பாலைக்காற்று:
சார், நான் தேர்வுக்குப் படிக்கவில்லை. எங்கள் வீட்டில் அதைக் கொடி என்றுதான் சொல்வோம்.

பழைய பென்சில்:
ஒரு பள்ளி நூலகத் திறப்பு விழாவுக்குப் பேசக் கூப்பிட்டார்கள். கண்ணாடி அலமாரி, பூட்டு. சாவி எங்கே என்று பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. எனக்குப் புறநானூறு 95 ஞாபகம் வந்தது: தொண்டைமானின் வேல்கள் பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசிக் காவலுக்குள் இருக்கின்றன, அதியமானுடையவை நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவை சொல்வாரே. அந்தத் தெம்பில் மைக்கைப் பிடித்து, "இவ்வளவு பளபளப்பான புத்தகங்களை நான் எங்கும் பார்த்ததில்லை. எங்கள் ஊர் நூலகத்தில் எல்லாம் அட்டை கிழிந்து, ஓரம் மடங்கிக் கிடக்கும்" என்றேன்.

ஒரே கைதட்டல். தாளாளர் இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டு, அந்த வரியை அப்படியே வருகைப் பதிவேட்டில் எழுதச் சொன்னார். எழுதினேன், கையெழுத்தும் போட்டேன். அடுத்த வருடம் போனபோது அதைச் சட்டம் போட்டு அலமாரிக்கு மேல் மாட்டியிருந்தார்கள்.

உருபுதேடி:
வஞ்சப்புகழ்ச்சி, அதாவது புகழ்வதுபோல் பழிப்பது, என்றால் கேட்பவருக்குக் குத்த வேண்டும். தொண்டைமானுக்குக் குத்தியிருக்கும். உங்களுடையது வெறும் புகழ்ச்சிதான்.